'அக்செப்ட் ஆல்' அழுத்துவதற்கு முன்: செய்தித் தளங்களும் குக்கிகளும்

செய்தித் தளம் ஒன்றைத் திறந்ததும் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி வருகிறதே, உங்கள் தனியுரிமையை மதிக்கிறோம் என்று தொடங்கி, கீழே பளிச்சென்று ஒரு பட்டனும் அதன் பக்கத்தில் மங்கலாக இன்னொன்றும் வைத்து, அதைப் பற்றித்தான் இந்தப் பக்கம். வக்கீல்களுக்காக எழுதியது இல்லை. சட்டம் பற்றிச் சொல்லியிருப்பது 2025 இறுதி வரையிலான நிலவரம்.

குக்கி என்பது வைரஸ் மாதிரி ஏதாவதா?

இல்லை. தளம் உங்கள் பிரவுசரில் எழுதிவைக்கும் சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். தானாக ஓடாது, ஃபோனில் இருக்கும் படங்களைத் திறந்து பார்க்காது. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை பார்த்த லூ மான்டுலி உருவாக்கியது. வலையின் அடிப்படை ஏற்பாட்டில் ஞாபகம் என்ற ஒன்று கிடையாது, ஒவ்வொரு பக்கத்தைக் கேட்கும்போதும் சர்வருக்கு நீங்கள் புது ஆள்தான். அப்படியே விட்டால் ஆன்லைன் கடையில் கூடையில் போட்ட சாமான் அடுத்த பக்கத்துக்குப் போனதும் காணாமல் போய்விடும் என்பதால் இந்த வழியைக் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கும் லாகின் செய்தபின் வெளியே தள்ளாமல் இருப்பது, சந்தாதாரர் என்று தளத்துக்குத் தெரிவது, இந்த மாதம் எத்தனை இலவசக் கட்டுரை படித்தீர்கள் என்ற கணக்கு, எல்லாம் பெரும்பாலும் குக்கியால்தான் நடக்கிறது.

இப்படி ஒன்று இருப்பதே 1996 பிப்ரவரியில் ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் எழுதிய பிறகுதான் வெளியில் பரவலாகத் தெரிந்தது. ஒரு பத்திரிகை அம்பலப்படுத்திய விஷயம்! இருபது வருஷம் கழித்து 2016-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பத்து லட்சம் தளங்களை அலசினார்கள். டிராக்கர்கள், அதாவது ஆளைப் பின்தொடரும் நிரல்கள், அதிகம் இருந்தது செய்தித் தளங்களில்தான்.

செய்திதானே படிக்கிறேன், அதில் என்ன ரகசியம் இருக்கிறது?

நிறைய இருக்கிறது, கடையில் வாங்குவதைவிடவும் அதிகமாக. ஒருவர் ஒரு வாரத்தில் படித்த கட்டுரைகளை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்: சர்க்கரை நோய்க்குப் புது மருந்து, நகைக்கடன் வட்டி, விவாகரத்து வழக்கில் உயர்நீதிமன்றம் சொன்னது, ஒரே அரசியல் தலைவரின் ஒவ்வொரு பேட்டியும். பெயரே வேண்டியதில்லை, அந்த வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தளம் தன் சொந்த வேலைக்காக வைக்கும் குக்கியால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் ஒரு செய்திப் பக்கத்துக்குள் விளம்பரம், வீடியோ, ஷேர் பட்டன் என்று வெளி நிறுவனங்களின் துண்டுகள் நிறைய ஒட்டவைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றும் தன் குக்கியை வைக்கும், இதைத்தான் மூன்றாம் தரப்புக் குக்கி என்கிறார்கள். ஒரே விளம்பர நிறுவனத்தின் துண்டு ஆயிரக்கணக்கான தளங்களில் இருப்பதால், காலையில் படித்த செய்தியும் மத்தியானம் பார்த்த சமையல் குறிப்பும் ராத்திரி தேடிய பட்டுப்புடவையும் ஒரே அடையாள எண்ணின் கீழ் வந்து சேர்ந்துவிடும்.

அப்புறம் அந்த எண்ணை வைத்து ஏலம் நடக்கிறது. பக்கம் திறந்து முடிவதற்குள், கண் இமைக்கும் நேரத்தில், உங்கள் அடையாள எண், ஏறத்தாழ எந்த ஊர், என்ன ஃபோன், படிக்கும் பக்கத்தின் முகவரி எல்லாம் பல நிறுவனங்களுக்கு அனுப்பப்படும், யார் அதிக விலை சொல்கிறார்களோ அவர்கள் விளம்பரம் உங்கள் திரையில் வரும். ஏலத்தில் தோற்றவர்களுக்கும் உங்கள் விவரம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பதைத்தான் இதில் கவனிக்க வேண்டும்.

லண்டனில் இருக்கும் அக்காவுக்கு இந்தப் பெட்டி வருகிறது. மதுரையில் எனக்கு அதே தமிழ்ச் செய்தித் தளத்தில் வரவில்லை. ஏன்?

தளம் எந்த ஊரிலிருந்து நடக்கிறது என்பது மட்டும் கணக்கில்லை, படிப்பவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்பதும் கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிடிபிஆர் என்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் (2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கிறது) ஐரோப்பாவில் இருக்கும் ஆட்களின் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் வெளிநாட்டு நிறுவனங்களையும் கட்டுப்படுத்தும். பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறினாலும் அந்தச் சட்டத்தின் தன் வடிவத்தை வைத்துக்கொண்டது.

சட்டம் எங்கேயோ ஐரோப்பாவில் இருக்கிறது, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் ஒரு தளம் அதற்கு ஏன் பயப்படப் போகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சட்டத்துக்கு இல்லை, கூகுளுக்குத்தான் அது பயப்படுகிறது. 2024 ஜனவரி 16 முதல், ஐரோப்பியப் பொருளாதார வட்டாரத்திலும் பிரிட்டனிலும் இருக்கும் வாசகருக்குக் கூகுள் விளம்பரம் காட்டும் தளங்கள் கூகுள் அங்கீகரித்த ஒப்புதல் பெட்டியை வைத்தாக வேண்டும் என்று கூகுள் விதித்துவிட்டது. அதே வருஷம் ஜூலை இறுதியில் சுவிட்சர்லாந்தும் சேர்ந்தது. நம் தளங்களில் நிறைய கூகுள் விளம்பரத்தில்தான் ஓடுகின்றன. அதனால் பாரீஸ், ஆஸ்லோ, சூரிச்சில் இருக்கும் தமிழருக்குப் பெட்டி வரும், மதுரைக்காரருக்கு வராது. சந்தேகமாக இருந்தால் விபிஎன்-இல் (வேறு ஊரிலிருந்து திறப்பது போலக் காட்டும் வசதி) ஃபிராங்க்ஃபர்ட் சர்வரைப் போட்டு அதே தளத்தைத் திறந்து பாருங்கள்.

முக்கியமான விஷயம்: பெட்டி வரவில்லை என்றால் குக்கி வைக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். உங்களிடம் கேட்காமலே வைக்கிறார்கள். அக்காவிடம் கேட்டுவிட்டு வைக்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஐரோப்பியச் சட்டம் சரியாக என்னதான் சொல்கிறது?

குக்கிக்கென்று தனியாக 2002-இல் ஒரு மின்-தனியுரிமை நெறிமுறை வந்தது, 2009-இல் அதைத் திருத்தி, ஒருவருடைய கருவியில் எதையாவது எழுதவோ படிக்கவோ அவருடைய ஒப்புதல் வேண்டும் என்றார்கள். ஒப்புதல் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை ஜிடிபிஆர் இறுக்கியது: சுதந்திரமாகக் கொடுத்ததாக, எதற்கு என்று தெரிந்து கொடுத்ததாக, கொடுத்த மாதிரியே சுலபமாகத் திரும்பப் பெறக்கூடியதாக இருக்க வேண்டும். மீறினால் 2 கோடி யூரோ அல்லது உலக அளவிலான ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், எது அதிகமோ அதுவரை அபராதம் போடலாம். 2019 அக்டோபர் 1 அன்று பிளானெட்49 வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம், ஏற்கெனவே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று தீர்த்தது.

லாகின், பாதுகாப்பு போன்ற அத்தியாவசியக் குக்கிக்குச் சம்மதம் தேவையில்லை. அதனால்தான் பெட்டிக்குள் போனால் அந்த ஒரு சுவிட்சை மட்டும் அணைக்க முடியாமல் இருக்கும்.

செய்தி நிறுவனங்களும் மாட்டியிருக்கின்றன. பிரான்ஸின் லெ ஃபிகாரோ நாளிதழுக்கு, வாசகர் எதுவும் சொல்லும் முன்பே கூட்டாளி நிறுவனங்களின் விளம்பரக் குக்கி தானாக விழுந்ததற்காக, 2021 ஜூலையில் அந்நாட்டுத் தனியுரிமை ஆணையம் சிஎன்ஐஎல் 50,000 யூரோ அபராதம் போட்டது. அந்தக் குக்கிகளை வைத்தது வெளியார்தானே என்ற சமாதானம் எடுபடவில்லை.

'வேண்டாம்' என்ற பட்டனே கண்ணில் படவில்லையே?

படக் கூடாது என்றுதான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். 'அக்செப்ட் ஆல்' பெரிதாக, நிறமாக இருக்கும். மறுப்பு 'மேனேஜ் ஆப்ஷன்ஸ்' என்ற சாம்பல் எழுத்துக்குப் பின்னால் இன்னொரு திரையில், அதற்கும் கீழே போனால்தான் இருக்கும். 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் 10,000 தளங்களில் பிரபலமான ஐந்து நிறுவனங்களின் பெட்டியை வைத்திருந்த 680 தளங்களை எடுத்துப் பார்த்தது. சட்டத்தின் குறைந்தபட்ச நிபந்தனைகளை நிறைவேற்றியவை 11.8 சதவீதம் மட்டுமே. முதல் திரையிலிருந்து மறுக்கும் பட்டனை எடுத்துவிட்டாலே சம்மதிப்போர் விகிதம் 22, 23 சதவீதப் புள்ளி ஏறுகிறது என்றும் அதே ஆய்வு காட்டியது. அந்த 'சம்மதம்' யாருடைய சம்மதம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதற்குத்தான் 2022 ஜனவரியில் சிஎன்ஐஎல் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் அறிவித்தது: ஏற்க ஒரு கிளிக், மறுக்கப் பல கிளிக். அதற்கு முன்பே ஆஸ்திரியாவின் மேக்ஸ் ஷ்ரெம்ஸ் தொடங்கிய 'நொய்ப்' என்ற தனியுரிமை அமைப்பு 2021 ஆகஸ்டில் ஒரே வீச்சில் 422 புகார் கொடுத்திருந்தது. இன்று ஐரோப்பியத் தளங்களில் 'ரிஜெக்ட் ஆல்' கொஞ்சம் அதிகமாகக் கண்ணில் படுகிறது என்றால் இந்த அடிகள்தான் காரணம், யாருக்கும் திடீரென்று மனசாட்சி உறுத்தவில்லை.

எல்லாவற்றையும் அணைத்தேன். 'லெஜிட்டிமேட் இன்ட்ரஸ்ட்' என்று இன்னொரு வரிசை எரிந்துகொண்டே இருக்கிறதே?

அது பின்வாசல். எங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது, அதனால் உங்கள் சம்மதம் வேண்டாம், நீங்களாக ஆட்சேபித்தால் நிறுத்துகிறோம் என்பது அதன் பொருள். 'வெண்டார்ஸ்' பட்டியலுக்குள் போய் 'அப்ஜெக்ட்' என்று தேட வேண்டியிருக்கும். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அங்கே இருக்கும், உலகத்தில் யாரும் அத்தனையையும் படித்ததில்லை. ஐரோப்பிய விளம்பரத் துறைச் சங்கமான ஐஏபி யூரோப்தான் இந்த ஏற்பாட்டின் விதிகளை எழுதுகிறது. 2023-இல் தன் விதிகளைத் திருத்தியபோது, ஆளுக்கேற்ற விளம்பரத்துக்கு இந்தப் பின்வாசலைப் பயன்படுத்தக் கூடாது என்று மூடியது. அதற்கு முன் 2022-இல் பெல்ஜியத்தின் ஆணையம் இந்தச் சங்கத்துக்கே 2,50,000 யூரோ அபராதம் போட்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மறுத்தால் செய்தியே படிக்க முடியாமல் போகுமா?

பெரும்பாலான தளங்களில் படிக்கலாம். விளம்பரமும் வரும், உங்களைப் பின்தொடராத விளம்பரம் வரும்.

சில அமெரிக்கப் பத்திரிகைகள் வேறு வழியில் போயின. ஜிடிபிஆர் நடைமுறைக்கு வந்த அன்றே லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸும் சிகாகோ டிரிப்யூனும் ஐரோப்பிய வாசகர்களுக்குக் கதவைச் சாத்தின. யுஎஸ்ஏ டுடே டிராக்கர்களை எல்லாம் கழற்றிவிட்டு ஐரோப்பாவுக்கென்று தனிப் பதிப்பு கொடுத்தது. முகப்புப் பக்கம் 5.2 எம்பியிலிருந்து சுமார் 500 கேபிக்கு இறங்கியதை ஒருவர் அளந்து போட, அது பரவலாகப் பேசப்பட்டது. செய்தி அதே செய்தி, பத்தில் ஒரு பங்கு எடை. மிச்சம் என்ன, அதை யாருடைய டேட்டாவில் இறக்கிக்கொண்டிருந்தோம் என்பதையும் யோசிக்கலாம்.

"சம்மதியுங்கள், இல்லை மாதச் சந்தா கட்டுங்கள்" என்கிறார்கள். இது சரியா?

இதில் ஐரோப்பாவே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. 2018-இல் ஆஸ்திரியாவின் டெர் ஷ்டாண்டார்ட் நாளிதழ் இதைத் தொடங்கி வைத்தது. அப்புறம் ஜெர்மனியில் டெர் ஷ்பீகல், டீ ட்சைட் என்று பரவியது, இப்போது பிரிட்டனின் பெரிய நாளிதழ்கள் பலவற்றிலும் பார்க்கலாம். ஆஸ்திரிய ஆணையம் முதலில் பரவாயில்லை என்றது. 2023-இல் ஒவ்வொரு நோக்கத்துக்கும் தனித்தனியாகச் சம்மதிக்க வழியில்லாமல் மொத்தமாகக் கேட்பது தவறு என்றது. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 ஜனவரியில் கொடுத்த வழிகாட்டலில் இந்த முறையைத் தடை செய்யவில்லை, நியாயமான விலையா, சமமான சேவையா என்றெல்லாம் பார்க்கச் சொன்னது.

என் அபிப்பிராயம் கேட்டால், செய்திக்குக் காசு கேட்பதில் தப்பே இல்லை. கடையில் நாளிதழ் வாங்கினால் காசு கொடுக்கத்தானே செய்கிறோம். ஆனால் செய்திக்கு விலை வேறு, பின்தொடராமல் இருப்பதற்கு விலை வேறு. இரண்டாவதை விற்க ஆரம்பித்தால் வசதி உள்ளவருக்குத்தான் தனியுரிமை என்று ஆகிவிடும். பின்தொடராத சாதாரண விளம்பரத்தோடு இலவசமாகப் படிக்க மூன்றாவதாக ஒரு வழி வைத்தால் இந்தச் சண்டையில் பாதி தீர்ந்துவிடும். அதை ஏன் வைப்பதில்லை என்பது அடுத்த கேள்வியில் இருக்கிறது.

எல்லோரும் மறுத்தால் பத்திரிகைகள் எப்படிப் பிழைக்கும்?

நியாயமான கவலை, அலட்சியமாகப் பதில் சொல்லக் கூடாது. முதலில் எதிர்த்தரப்புக் கணக்கு: 2019-இல் கூகுள் தானே நடத்திய சோதனையில், மூன்றாம் தரப்புக் குக்கியை அணைத்தால் உலகின் முதல் 500 வெளியீட்டாளர்களின் வருமானம் சராசரியாக 52 சதவீதம் குறைகிறது என்று வந்தது. ஆனால் அதே வருஷம் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர் ஒரு பெரிய ஊடக நிறுவனத்தின் விவரங்களை வைத்துப் பார்த்தபோது, குக்கி இருந்தால் வெளியீட்டாளருக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஏறக்குறைய 4 சதவீதம்தான். இரண்டும் ஒரே விஷயத்தைத்தான் அளக்கின்றனவா என்று கேட்டால் முழுக்க இல்லை. கூகுளின் சோதனையில் மற்ற எல்லோருக்கும் குக்கி இருக்கும்போது சிலருக்கு மட்டும் அணைத்தார்கள். விளம்பரக்காரர் காசை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றிக்கொள்வார், அவ்வளவுதான். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனால் அந்தக் காசு எங்கே போகும்?

அதற்கு நிஜமான உதாரணம் நெதர்லாந்தில் இருக்கிறது. அந்நாட்டுப் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்பிஓ வாசகர்களிடம் நேர்மையாக, ஆம், இல்லை இரண்டையும் சமமாக வைத்துக் கேட்டது. ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். சரி என்று 2020 ஜனவரியில் எல்லோருக்குமே கண்காணிப்புக் குக்கியை எடுத்துவிட்டு, பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதற்குப் பொருத்தமான விளம்பரத்தை மட்டும் விற்றார்கள். முந்தைய வருஷத்தைவிட டிஜிட்டல் விளம்பர வருமானம் ஜனவரியில் 62 சதவீதமும் பிப்ரவரியில் 79 சதவீதமும் கூடியது. பெரிய நிறுவனம், அரசுப் பணமும் வருகிறது, சின்னப் பத்திரிகைக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மை. நியூயார்க் டைம்ஸும் ஜிடிபிஆர் வந்ததும் ஐரோப்பாவில் ஏல விளம்பரத்தை நிறுத்தியது, அங்கே அதன் விளம்பர வருமானம் குறையவில்லை.

வருமானம் எப்படிக் கூடும் என்றால், இடைத்தரகர்கள் வெளியே போனதால். 2020-இல் பிரிட்டன் விளம்பரதாரர் சங்கத்துக்காக பிடபிள்யூசி என்ற தணிக்கை நிறுவனம் பணத்தைத் தடம் பிடித்துப் பார்த்தபோது, விளம்பரதாரர் கொடுக்கும் காசில் வெளியீட்டாளர் கைக்குப் போய்ச் சேர்வது 51 சதவீதம். 15 சதவீதம் எங்கே போனது என்று அவர்களாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. வாசகரின் எரிச்சலை வாங்கிக்கொள்வது பத்திரிகை, பாதிக் காசு நடுவில் நிற்பவர்களுக்கு. பெட்டியைப் பார்த்துப் பத்திரிகையைத் திட்டும்போது இதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

போன வாரம்தான் மறுத்தேன். ஏன் மறுபடியும் மறுபடியும் கேட்கிறது?

உங்கள் 'இல்லை'யை ஞாபகம் வைத்துக்கொள்வதற்கே ஒரு குக்கி வேண்டும். எல்லாக் குக்கியையும் அழித்தால் அந்த 'இல்லை'யும் சேர்ந்து அழியும். ஐஃபோனில் சஃபாரி, ஸ்கிரிப்ட் வழியாக வைக்கும் குக்கிக்கு 7 நாள்தான் ஆயுள் கொடுக்கிறது. வாரம் ஒருமுறை பெட்டி வருவதற்கு அது காரணமாக இருக்கலாம். ஃபேஸ்புக் ஆப்புக்குள் சுட்டியைத் தட்டினால் அதன் சொந்த பிரவுசரில் திறக்கும், குரோமில் நீங்கள் சொன்னது அதற்குத் தெரியாது. இதெல்லாம் தொழில்நுட்பக் காரணங்கள். 'ஆம்' என்றால் ஒரு வருஷம் ஞாபகம், 'இல்லை' என்றால் ஒரு நாள் ஞாபகம் என்று வைத்திருந்தால் அது குறும்பு. சிஎன்ஐஎல் இரண்டையும் ஆறு மாதம் வைத்திருப்பது நல்ல பழக்கம் என்று சொல்கிறது.

2025 நவம்பர் 19 அன்று ஐரோப்பிய ஆணையம் ஒரு திருத்தத்தை முன்மொழிந்தது: ஒரே கிளிக்கில் மறுக்க வழி, மறுத்தால் ஆறு மாதத்துக்குத் திரும்பக் கேட்கக் கூடாது, பிறகு பிரவுசரிலேயே ஒருமுறை சொல்லிவைத்தால் எல்லாத் தளமும் மதிக்க வேண்டும். நல்ல செய்திதான், ஆனால் அந்த பிரவுசர் ஏற்பாட்டிலிருந்து ஊடக நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். அதாவது இந்தத் திருத்தம் அப்படியே நிறைவேறினாலும் செய்தித் தளத்தில் பெட்டி தொடரும்.

கூகுள் குக்கியை ஒழிக்கப் போவதாகச் சொன்னதே, என்ன ஆச்சு?

2020 ஜனவரியில், இரண்டு வருஷத்தில் குரோமில் மூன்றாம் தரப்புக் குக்கியை எடுத்துவிடுகிறோம் என்றார்கள். தள்ளிப்போட்டார்கள், தள்ளிப்போட்டார்கள், 2024 ஜூலையில் திட்டத்தைக் கைவிட்டார்கள், 2025 ஏப்ரலில் அந்தக் குக்கி வேண்டுமா என்று குரோம் தனியாகக் கேட்கும் பெட்டிகூட வராது என்றார்கள். சஃபாரி 2020 மார்ச்சிலேயே முழுக்கத் தடுத்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸும் தானாகவே தடுப்பு போடுகிறது. விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனத்தின் பிரவுசர் மட்டும் பின்தங்கி நிற்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இன்காக்னிட்டோவில் படித்தால் போதுமா?

ஜன்னலை மூடியதும் குக்கி அழியும், அது லாபம். ஆனால் உங்கள் ஐபி முகவரி (இணைய இணைப்பின் எண்) தெரியும், திரை அளவு, எழுத்துருக்கள், ஃபோன் மாடல் என்று சேர்த்து அடையாளம் காணும் கைரேகை முறையும் வேலை செய்யும். லாகின் செய்துவிட்டால் பேச்சே இல்லை, நீங்கள் யார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

மணிப் படத்தோடு 'அலோ' என்று கேட்கும் பெட்டியும் குக்கிதானா?

இல்லை, அது நோட்டிஃபிகேஷன் அனுமதி. நம் பக்கத்துத் தளங்களில் குக்கிப் பெட்டியைவிட இதுதான் அதிகம் வரும். அழுத்தினால் நாள் முழுக்கத் திரையில் 'பரபரப்பு', 'அதிர்ச்சி' என்று வந்துகொண்டிருக்கும். 'பிளாக்' கொடுங்கள். வீட்டில் பெரியவர்கள் ஃபோனை வாங்கிப் பார்த்தால் பல தளங்களுக்கு அனுமதி கொடுத்து வைத்திருப்பார்கள். குரோம் செட்டிங்ஸில் நோட்டிஃபிகேஷன்ஸ் போய் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம்.

இந்தியாவில் சட்டம் இருக்கிறதா இல்லையா?

இருக்கிறது, ஆனால் முக்கியமான பகுதி இன்னும் கடிக்க ஆரம்பிக்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். ஆறு வருஷம் இழுத்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. ஒப்புதல், அறிவிப்பு போன்றவற்றுக்கு 18 மாத அவகாசம், அதாவது 2027 மே.

சட்டத்தில் குக்கி என்ற சொல்லே கிடையாது. ஆனால் ஒருவரை அடையாளம் காணக்கூடிய எந்த விவரமும் தனிநபர் தரவுதான் என்று விரிவாக எழுதியிருப்பதால், ஆளைத் தொடரும் குக்கி எண்ணும் அதற்குள் வரும் என்று எடுத்துக்கொள்வதே பொருத்தம். ஒப்புதல் சுதந்திரமாக, குறிப்பாக, நிபந்தனையில்லாமல், தெளிவான ஒரு செயலால் கொடுத்ததாக இருக்க வேண்டும் என்று ஆறாம் பிரிவு சொல்கிறது. திரும்பப் பெறுவதும் கொடுத்த அளவுக்குச் சுலபமாக இருக்க வேண்டும். ஐரோப்பாவில் இருக்கும் அந்த 'நியாயமான தேவை'ப் பின்வாசல் இங்கே அப்படியே இல்லை, சட்டம் வரிசைப்படுத்திய சில பயன்கள் மட்டும்தான் விலக்கு.

நமக்கு உபயோகமான ஒன்று: ஒப்புதல் கேட்கும் வாசகத்தை ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்கும் வசதி தர வேண்டும். தமிழ் அதில் இருக்கிறது. செய்தி முழுக்கத் தமிழில் இருந்து, சம்மதம் மட்டும் ஆங்கிலத்தில் கேட்கும் கூத்து முடிவுக்கு வர வேண்டும். அபராதம் 250 கோடி ரூபாய் என்று எல்லோரும் சொல்வது பாதுகாப்புக் குறைபாட்டுக்கான உச்சவரம்பு. ஒப்புதலில் செய்யும் தவறு பொதுப் பட்டியலில் வரும், அதற்கு 50 கோடி வரை. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கும் 10,000 ரூபாய் வரை போடலாம்!

இலங்கையில்?

2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. முக்கியப் பகுதிகள் நடைமுறைக்கு வருவதை 2025-இல் தள்ளிவைத்தார்கள், திருத்தமும் கொண்டுவந்தார்கள்.

பிள்ளைகள் என் ஃபோனில் செய்தித் தளம் பார்க்கிறார்கள்.

இந்தியச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லோரும் குழந்தைகள். அவர்களைப் பின்தொடர்வதும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் காட்டுவதும் கூடாது, தரவு எடுக்கப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதம் வேண்டும். ஒரே ஃபோனை வீடே பயன்படுத்தும் ஊரில் படிப்பது அப்பாவா மகளா என்று தளம் எப்படிக் கண்டுபிடிக்கும் என்பதற்கு யாரும் இன்னும் ஒழுங்கான பதில் வைத்திருக்கவில்லை.

சரி, இன்றைக்கே நான் என்ன செய்யலாம்?

ஆண்ட்ராய்டு குரோமில் செட்டிங்ஸ் போய், சைட் செட்டிங்ஸுக்குள் 'தேர்ட் பார்ட்டி குக்கீஸ்' என்பதை 'பிளாக்' செய்யுங்கள். செய்தித் தளம் எதுவும் இதனால் பெரிதாகக் கெட்டுப்போகாது. ஃபோன் செட்டிங்ஸில் பிரைவசி, ஆட்ஸ் போய் விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடுங்கள். இது செய்தி ஆப்களுக்காக, ஏனென்றால் ஆப்பில் குக்கிக்குப் பதில் அந்த எண்தான் வேலை செய்கிறது. ஐஃபோனில் ஆப் பின்தொடர அனுமதி கேட்டால் 'வேண்டாம்' கொடுத்தால் போதும். ஒரு நாளிதழைப் படிக்க அதன் ஆப் எதற்கு என்றும் ஒருமுறை யோசியுங்கள், பிரவுசரில் அதே செய்திதான்.

கம்ப்யூட்டரில் ஃபயர்ஃபாக்ஸும் அதில் விளம்பரத்தையும் டிராக்கரையும் தடுக்கும் யூபிளாக் ஆரிஜினும் போட்டால் பெரும்பகுதி முடிந்தது. பெட்டிக்குத் தானாகப் பதில் சொல்ல டென்மார்க்கின் ஆர்ஹஸ் பல்கலைக்கழகத்தார் செய்த 'கன்சென்ட்-ஓ-மேட்டிக்' என்ற பிரவுசர் நீட்சி (எக்ஸ்டென்ஷன்) இருக்கிறது, நீங்கள் சொன்னபடி மறுத்துவிடும். 'ஐ டோன்ட் கேர் அபவுட் குக்கீஸ்' என்ற இன்னொன்றும் பிரபலம். அதைப் போடுவதற்கு முன் தெரிந்துகொள்ளுங்கள், அதன் நோக்கம் பெட்டியை மறைப்பது, தேவைப்பட்டால் உங்கள் சார்பில் சம்மதித்தும் விடும்.

நானே ஒரு சின்னத் தமிழ்ச் செய்தித் தளம் நடத்துகிறேன்...

முதலில் உங்கள் தளத்தை இன்காக்னிட்டோவில் திறந்து, பெட்டியில் எதையும் தொடாமல், என்னென்ன குக்கி விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பல தளங்களில் பெட்டி ஒரு பக்கம் பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருக்கும், பின்னால் ஸ்கிரிப்ட்கள் ஏற்கெனவே ஓடி முடிந்திருக்கும். யூடியூப் வீடியோ ஒட்டினால் 'நோகுக்கி' முகவரியில் ஒட்டுங்கள், ஃபேஸ்புக் பட்டனுக்குப் பதில் சாதாரணச் சுட்டி போதும். எத்தனை பேர் படித்தார்கள் என்று தெரிய மட்டோமோ என்ற வாசகர் கணக்கு மென்பொருளைக் குக்கி இல்லாமலே ஓட்டலாம். உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரத்தை நேராகப் பேசி வாங்கிப் படமாகப் போட்டால் தரகரும் வேண்டாம், அதற்கென்று ஒப்புதல் பெட்டியும் வேண்டாம். எல்லோராலும் முடியாது என்று தெரியும், விளம்பரம் பிடிக்க ஆள் வேண்டும். பாதியாவது முடியும்.

புகார் எங்கே கொடுப்பது?

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தால் உங்கள் நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையத்தில். காசு கிடையாது, ஆன்லைனில் கொடுக்கலாம். பிரிட்டனில் தகவல் ஆணையர் அலுவலகம், முதலில் தளத்துக்கு எழுதிவிட்டு வரச் சொல்வார்கள். இந்தியாவில் புதுச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு வழியில் எழுத வேண்டும், அவர்களுக்கு அதிகபட்சம் 90 நாள், அதற்கும் பிறகுதான் தரவுப் பாதுகாப்பு வாரியம். எங்கே கொடுத்தாலும் தள முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், எந்தப் பட்டனை அழுத்தினீர்கள், அதற்குப் பிறகு எந்தக் குக்கி இருந்தது என்பதையும் சேர்த்து.